சர்க்யூட்டை நகல் எடுப்பவரிடமிருந்து எதைக் காப்பாற்றலாம்?

பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் மோட்டார் அறையைத் திறந்தால், ஸ்டார்ட்டருக்கு அருகில் ஒரு சிறிய பெட்டி மாட்டியிருப்பதைப் பார்க்கலாம். வீட்டில் இருந்தபடியே கைப்பேசியில் ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடும். மூன்று ஃபேஸில் ஒன்று போனாலும், கிணற்றில் தண்ணீர் வற்றினாலும் தானே நின்றுவிடும். நள்ளிரவில் கரண்ட் வந்தால் டார்ச் விளக்குடன் தோப்புக்கு ஓடிய காலத்தை இந்தப் பெட்டி மாற்றிவிட்டது. இதைப் பெரிய நிறுவனங்களும் தயாரிக்கின்றன. கோவை வட்டாரத்தில் நான்கைந்து பேர் மட்டும் வேலை பார்க்கும் பட்டறைகளும் தயாரிக்கின்றன.

இப்படி ஒரு பட்டறை வைத்திருக்கும் தம்பி, இரண்டு கோடைகளைத் தோப்புகளிலேயே கழித்து ஒரு பெட்டியைச் சரியாக்கினார் என்று வைத்துக்கொள்வோம். லோ வோல்டேஜில் ரிலே அதிர்வது, இடி மின்னலில் சிம் பகுதி எரிந்துபோவது, காற்று கலந்த தண்ணீரை வறட்சி என்று தவறாகப் புரிந்துகொண்டு மோட்டார் நிற்பது என ஒவ்வொன்றையும் அனுபவத்தில் கண்டு திருத்தினார். பெட்டி கடைக்கு வந்தது. போட்டியாளர் ஒருவர் மற்ற வாடிக்கையாளர்களைப் போலவே பணம் கொடுத்து ஒன்றை வாங்கினார். அடுத்த மாதமே அதே பெட்டி வேறு பெயரில், குறைந்த விலையில் வந்துவிட்டது. இரண்டு கோடைகளின் செலவை மீட்க வேண்டிய சுமை நகல் எடுத்தவருக்கு இல்லை அல்லவா?

நம் குடும்பங்களில் எலக்ட்ரானிக்ஸ் கடை, சர்வீஸ் சென்டர், மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருப்போர் நிறையப் பேர். பிள்ளைகளில் பலர் இசிஇ, இஇஇ படிக்கிறார்கள். சொந்தமாக ஒரு பொருளைச் செய்து விற்க வேண்டும் என்ற ஆசை உள்ளவர்கள், முதல் பெட்டியை விற்பதற்கு முன்பே சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

நகல் எடுப்பது எவ்வளவு எளிது?

இரண்டு அடுக்கு பிசிபி என்றால் பெரிய அறிவு எதுவும் தேவையில்லை. பாகங்களைச் சூடுகாட்டிக் கழற்றி, வெறும் போர்டின் இரு பக்கங்களையும் சாதாரண ஸ்கேனரில் வைத்துப் படமெடுத்து, செம்புத் தடங்களை மென்பொருளில் மறுபடி வரைந்துவிடுகிறார்கள். பல அடுக்குப் போர்டானால் ஒவ்வொரு அடுக்காகத் தேய்த்துத் தேய்த்துப் படமெடுக்க வேண்டும். நேரம் கூடுமே தவிர, முடியாத வேலை இல்லை. ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், ரிலே எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் கிடைப்பவைதாம்.

ஐசியின் மேலுள்ள எண்ணைச் சுரண்டிவிட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். தெரிந்தவருக்கு அது அரை நாள் வேலை. எந்தக் காலில் மின்சாரம் வருகிறது, எந்தக் காலில் கிரிஸ்டல் இருக்கிறது என்று பார்த்தாலே என்ன ஐசி என்று ஊகித்துவிடலாம். நகல் எடுப்பவர் உண்மையில் தடுமாறும் இடம் ஒன்றுதான்: மைக்ரோகண்ட்ரோலருக்குள் இருக்கும் ப்ரோகிராம். அதைப் படிக்க முடியாவிட்டால், அவர் கையில் இருப்பது உயிரில்லாத போர்டு.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு சட்டத்தைப் பார்த்தால் ஒரு ஒற்றுமை தெரியும். சட்டமும் போர்டுக்குத் தரும் பாதுகாப்பு குறைவு. ப்ரோகிராமுக்குத் தருவது அதிகம்.

போர்டுக்குச் சட்டம் என்ன தருகிறது?

இந்தியாவில் 2000-ஆம் ஆண்டில் குறைக்கடத்தி ஒருங்கிணைந்த மின்சுற்று வடிவமைப்புச் சட்டம் நிறைவேறியது. பெயரைக் கேட்டதும் நம் சர்க்யூட் போர்டுக்குத்தான் என்று தோன்றும். அப்படியில்லை. ஐசி எனும் சில்லுக்குள்ளே டிரான்சிஸ்டர்களும் இணைப்புகளும் அமைந்திருக்கும் வடிவத்துக்கு மட்டுமே அது 10 ஆண்டுப் பாதுகாப்பு தருகிறது. கடையில் வாங்கிய ஐசிகளைப் போர்டில் பொருத்தி விற்பவருக்கு இந்தச் சட்டத்தால் பயன் எதுவும் இல்லை.

சர்க்யூட்டின் வரைபடத்துக்குப் பதிப்புரிமை உண்டா என்றால், உண்டு. ஆனால் அதில் ஒரு பள்ளம் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி, டிசைனாகப் பதிவு செய்யத் தகுந்த ஒன்றைப் பதிவு செய்யாமல் விட்டு, அதைக் கொண்டு தொழில்முறையில் 50-க்கு மேல் உற்பத்தி செய்துவிட்டால் அதன் பதிப்புரிமை முடிந்துவிடும். தொழில்நுட்ப வரைபடங்களுக்கு இந்தப் பிரிவு எப்படிப் பொருந்தும் என்பது நெடுங்காலமாகக் குழப்பமாகவே இருந்தது. எரிவாயு டேங்கர் டிரெய்லர்களின் வரைபடங்கள் பற்றிய இனாக்ஸ் - கிரையோகேஸ் வழக்கில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஓர் அளவுகோல் தந்தது. அந்த வடிவத்தின் முதன்மையான நோக்கம் தோற்றமா, செயல்பாடா என்று நீதிமன்றம் பார்க்க வேண்டும் என்பது அதில் முக்கியமானது. போர்டின் தடங்கள் செயல்பாட்டுக்கானவை, அழகுக்கானவை அல்ல. ஆக, வரைபடத் தாளை நகலெடுத்தவர் மீது வழக்காட இடமிருக்கலாம். ஆனால் அதை மட்டும் நம்பித் தொழிலில் இறங்குவது அறிவுடைமை ஆகாது.

பெட்டியின் வெளித்தோற்றம் வேறு விஷயம். அதன் வடிவம், முகப்பில் பட்டன்களும் விளக்குகளும் அமைந்திருக்கும் விதம் புதியதாக இருந்தால் 2000-ஆம் ஆண்டு டிசைன் சட்டத்தின் கீழ் பதிவு செய்யலாம். முதலில் 10 ஆண்டுகள், பிறகு நீட்டித்தால் மேலும் 5 ஆண்டுகள். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் அரசுக் கட்டணம் 1000 ரூபாய்தான். கடையில் கிடைக்கும் சாதாரணப் பிளாஸ்டிக் பெட்டியை வாங்கி ஸ்டிக்கர் ஒட்டுபவருக்கு இது உதவாது. தனக்கென்று அச்சு செய்தவர் பதிவு செய்யாமல் விடக் கூடாது. பொருளின் பெயரை டிரேட் மார்க்காகப் பதிவதும் இதே போலத்தான். விவசாயி போர்டைப் பார்த்து வாங்குவதில்லை. பெயரைக் கேட்டு வாங்குகிறார்.

ப்ரோகிராம்தான் கோட்டை

1981-இல் ஐபிஎம் நிறுவனம் தன் பர்சனல் கம்ப்யூட்டரைச் சந்தையில் கிடைக்கும் பாகங்களைக் கொண்டே கட்டியது. அதில் ஐபிஎம்முக்கே உரியதாக இருந்தது பயாஸ் என்ற சிறிய ப்ரோகிராம்தான். போட்டியாளர்கள் பாகங்களை வாங்கி அதே கணினியைக் கட்டலாம். பயாஸை நகலெடுத்தால் மாட்டிக்கொள்வார்கள். காம்பேக் நிறுவனம் என்ன செய்தது? பயாஸ் என்னென்ன செய்கிறது என்று ஒரு குழு எழுதித் தர, ஐபிஎம்மின் ப்ரோகிராமைப் பார்க்காத வேறொரு குழு அதே வேலையைச் செய்யும் புதிய ப்ரோகிராமை எழுதியது. 1983-இல் காம்பேக் கணினி விற்பனைக்கு வந்தது. உழைத்து மறுபடி எழுதியதால் அதைச் சட்டத்தால் தடுக்க முடியவில்லை.

அதே காலத்தில் ஃபிராங்க்ளின் என்ற நிறுவனம் ஆப்பிளின் கணினியை அப்படியே நகலெடுத்தது. ரோம் சில்லுக்குள் இருந்த ப்ரோகிராமையும் விடவில்லை. ஆப்பிள் வழக்குத் தொடுத்தபோது கிடைத்த சான்று சுவையானது: ஃபிராங்க்ளின் கணினிக்குள் இருந்த ப்ரோகிராமில் ஆப்பிள் ஊழியர் ஒருவரின் பெயர் அப்படியே இருந்தது! சில்லுக்குள் எழுதப்பட்ட ப்ரோகிராமுக்கும் பதிப்புரிமை உண்டு என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 1983-இல் தீர்ப்பளித்தது.

இந்தியச் சட்டத்திலும் கணினி ப்ரோகிராம் ஓர் இலக்கியப் படைப்பாகவே கருதப்படுகிறது. எழுதியவரின் ஆயுளும் அதன்பின் 60 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. எழுதிய கணமே உரிமை பிறந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் 500 ரூபாய் கட்டணத்தில் பதிந்துவைத்தால் தகராறு வரும்போது தேதிக்குச் சான்றாக நிற்கும். தெரிந்தே நகலெடுப்பது குற்றவியல் சட்டத்தின் கீழும் வரும். பதிப்புரிமை மீறல் காவல்துறை நேரடியாக வழக்குப் பதியத்தக்க, ஜாமீனில் விட முடியாத குற்றம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

அந்த ப்ரோகிராம் யாருடையது?

நம்மில் பலர் கோட்டை விடும் இடம் இது. பட்டறையில் சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் வேலையின் பகுதியாக எழுதினால், வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, உரிமை முதலாளிக்கு. ஆனால் வெளியில் ஒருவரிடம் பணம் கொடுத்து எழுதி வாங்கினால்? பணம் கொடுத்துவிட்டோம், ப்ரோகிராம் நமதுதானே என்று நினைக்கிறோம். சட்டம் அப்படி நினைப்பதில்லை. எழுத்துப்பூர்வமாக மாற்றித் தராத வரை அது எழுதியவருடையது. அவர் அதையே போட்டியாளருக்கும் விற்றால் நாம் கேள்வி கேட்க முடியாமல் போகலாம்.

மாற்றித் தரும் பத்திரத்திலும் கவனம் வேண்டும். எத்தனை ஆண்டுகளுக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டுகள் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த நாடுகளுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். வளைகுடாவிலோ இலங்கையிலோ விற்கும் எண்ணம் இருந்தால் அதையும் எழுத வேண்டும். சோர்ஸ் கோடை முழுமையாகக் கையில் வாங்கிக்கொண்ட பிறகே கடைசித் தவணையைக் கொடுப்பது நல்லது.

அண்ணன், தம்பி, மச்சான் சேர்ந்து நடத்தும் தொழிலில் இது இன்னும் சிக்கல். ஒருவர் முதல் போடுகிறார், ஒருவர் டிசைன் செய்கிறார், ஒருவர் விற்கிறார். சில ஆண்டுகளில் பிரிகிறார்கள். டிசைன் யாருக்கு? பிரியும்போது பேசிக்கொள்ளலாம் என்பவர்கள் பிரியும்போது பேசும் நிலையில் இருப்பதில்லை. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளுமாறு சூரத்துல் பகராவில் கட்டளை பெற்ற சமுதாயம், உறவுக்குள் எழுதுவதை மட்டும் ஏனோ அவநம்பிக்கை என்று எடுத்துக்கொள்கிறது.

வேலையை விட்டுப் போகும் ஊழியர் அதே தொழிலைச் செய்யக் கூடாது என்று எழுதி வாங்குவதில் அதிகப் பயனில்லை. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு அத்தகைய தடையைச் செல்லாததாக்குகிறது. ரகசியத்தை வெளியிடக் கூடாது, கோப்புகளை எடுத்துச் செல்லக் கூடாது என்ற நிபந்தனைகள் செல்லும். தொழில் ரகசியத்துக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இதுவரை இல்லை. சட்ட ஆணையம் 2024-இல் தன் 289-ஆவது அறிக்கையில் ஒரு வரைவைப் பரிந்துரைத்திருக்கிறது.

பேட்டண்ட்: தேதியின் விளையாட்டு

உண்மையிலேயே புதிய முறை ஒன்றைக் கண்டுபிடித்திருந்தால் பேட்டண்ட் எடுக்கலாம். காற்று கலந்த தண்ணீரையும் வறண்ட கிணற்றையும் மோட்டாரின் மின்னோட்டத்தை வைத்தே பிரித்தறியும் புதிய அமைப்பு அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பாதுகாப்பு 20 ஆண்டுகள். தமிழ்நாட்டவருக்கான அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. சீனா, ஜெர்மனி போன்ற நாடுகளில் சிறு முன்னேற்றங்களுக்கென்று எளிய குட்டிப் பேட்டண்ட் உண்டு. நம் நாட்டில் அது இல்லை. எனவே சிறு பட்டறைக்காரரும் பெரிய நிறுவனத்துக்கான அதே தேர்வைத்தான் எழுத வேண்டும்.

அந்தத் தேர்வு எவ்வளவு கடினம் என்பதற்கு மதுரையைச் சேர்ந்த எஸ். ராம்குமாரின் வழக்கைச் சொல்லலாம். ஒரே கைப்பேசியில் ஒன்றுக்கு மேற்பட்ட சிம் கார்டுகளைப் பயன்படுத்தும் அமைப்புக்கு அவர் 2002-இல் விண்ணப்பித்து, 2008-இல் பேட்டண்ட் பெற்றார். இரட்டை சிம் கைப்பேசிகள் வெள்ளமாக வந்துகொண்டிருந்த நேரம் அது. சுங்கத் துறையிடம் தன் உரிமையைப் பதிந்து, இறக்குமதியையே நிறுத்திக் காட்டினார். உலகப் பெருநிறுவனங்கள் ஒரு மதுரைக்காரரின் காகிதத்துக்காக விமான நிலையக் கிடங்கில் காத்து நின்றன. ஆனால் அந்நிறுவனங்கள் பழைய ஆவணங்களைத் தேடி எடுத்து வந்தன. முன்பே தெரிந்திருந்தவற்றிலிருந்து துறை அறிந்த எவரும் எளிதில் எட்டக்கூடியதே இது என்ற வாதம் ஏற்கப்பட்டு, அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2012-இல் அந்தப் பேட்டண்டை ரத்து செய்தது.

இதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். விண்ணப்பிப்பதற்கு முன் முந்தைய ஆவணங்களைத் தேடிப் பார்க்கும் வேலையை நாமே செய்துவிட்டால், பின்னாளில் எதிரி நமக்காகச் செய்ய வேண்டியிருக்காது. உரிமைக் கோரிக்கையை அகலமாக எழுதினால் பெரிதாகத் தெரியும், எளிதில் உடையும். நம் கண்டுபிடிப்பின் மையத்தை மட்டும் இறுக்கமாக எழுதினால் நிற்கும்.

பெற்றோர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கல்லூரி இறுதியாண்டு ப்ராஜெக்டைக் கண்காட்சியில் வைத்து, அது இயங்கும் விதத்தை விளக்கி, யூடியூபிலும் போட்டுவிட்டுப் பிறகு பேட்டண்டுக்குப் போனால், உங்கள் பிள்ளையின் வீடியோவே அதற்கு எதிரான சான்றாகிவிடும். சில கண்காட்சிகளுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு; அவை மத்திய அரசு அறிவித்தவையாக இருக்க வேண்டும். கல்லூரி அரங்கத்துக்கு அது பொருந்தாது. முதலில் புரொவிஷனல் விண்ணப்பம் ஒன்றைப் போட்டுவிட வேண்டும். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழியில் 1600 ரூபாய். அந்தத் தேதி நமக்கு உறுதியாகிவிடும். முழு விண்ணப்பத்தைத் தர 12 மாதம் அவகாசம் உண்டு. பரிசோதனைக் கட்டணமும் வழக்கறிஞர் கட்டணமும் தனி. அவைதாம் பெரிய செலவு. பேட்டண்ட் கிடைத்த பின் அச்செலவில் 1 லட்சம் ரூபாய் வரை திருப்பித் தரும் திட்டம் மத்திய சிறு, குறு தொழில் அமைச்சகத்திடம் உண்டு. உத்யம் பதிவு இருக்க வேண்டும். கோவை பிஎஸ்ஜி கல்லூரியின் ஸ்டெப் போன்ற தொழில் காப்பகங்களில் வழிகாட்டுதலும் கிடைக்கும்.

சட்டத்துக்கு முன்னால் பூட்டு

வழக்கு என்பது பணமும் ஆண்டுகளும். இரட்டை ஸ்பார்க் இன்ஜினுக்காக பஜாஜும் ஓசூர் டிவிஎஸ்ஸும் 2007-இல் தொடங்கிய சண்டையில், இப்படிப்பட்ட வழக்குகளை நாள்தோறும் விசாரித்து விரைவில் முடியுங்கள் என்று உச்ச நீதிமன்றமே 2009-இல் சொல்ல வேண்டியிருந்தது. அவர்கள் தாங்குவார்கள். பட்டறைக்காரர் தாங்க மாட்டார். ஆகவே முதல் காவல் பொருளுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

ஏறத்தாழ எல்லா மைக்ரோகண்ட்ரோலர்களிலும் ப்ரோகிராமை வெளியில் படிக்க விடாமல் பூட்டும் வசதி உண்டு. ஏவிஆரில் லாக் பிட், பிஐசியில் கோட் ப்ரொடெக்ட், எஸ்டிஎம்32-இல் ஆர்டிபி என்று பெயர்கள் வேறு. செலவு எதுவும் இல்லை. ஆனால் தொழிற்சாலையிலிருந்து வரும்போது இது திறந்தே இருக்கும். நாம்தான் பூட்ட வேண்டும். பூட்டாமலே விற்பனைக்குப் போகும் பெட்டிகள் உண்டு. இந்தப் பூட்டையும் உடைப்பவர்கள் இருக்கிறார்கள். சில்லின் மேலோட்டை அமிலத்தால் கரைத்தும், மின்னழுத்தத்தைக் கணநேரம் தடுமாறச் செய்தும் படித்துவிடுவார்கள். அதற்குப் பணம் செலவாகும். நகலின் லாபத்தைவிட உடைக்கும் செலவு கூடினால் பலர் விட்டுவிடுவார்கள்.

எஸ்டிஎம்32 போன்ற சில்லுகளில் ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் பொறிக்கப்பட்டிருக்கும். ப்ரோகிராம் இயங்கும்போது அந்த எண்ணைச் சரிபார்க்கும்படி எழுதிவிட்டால், வேறு சில்லில் ஏற்றப்பட்ட நகல் ஓடாது. உடனே நிற்பதைவிடச் சில வாரங்கள் கழித்து நிற்பதே தந்திரம் என்று சிலர் சொல்வார்கள். நாம் அதை ஏற்கவில்லை. நடு இரவில் தண்ணீர் பாயாமல் நிற்பது நகல் என்று தெரியாமல் வாங்கிய விவசாயியின் தோப்பு. நகல் எடுத்தவருடையது அன்று.

எபாக்ஸி ஊற்றிப் போர்டையே மூடுவது ஈரத்துக்கும் எறும்புக்கும் நல்ல காவல். நகலைத் தாமதப்படுத்தும், தடுக்காது. சூடு வெளியேற வழி விட வேண்டும். பழுது பார்க்கவும் முடியாது என்பதால் மாற்றித் தரும் பொறுப்பை நாமே ஏற்க வேண்டியிருக்கும். இதைவிட நல்லது வேலையைப் பிரிப்பது: போர்டு ஓரிடத்தில் அச்சாகட்டும், பாகங்கள் இன்னோரிடத்தில் பொருத்தப்படட்டும், ப்ரோகிராம் ஏற்றுவது மட்டும் நம் அறையில், நம் கையால். ஆயிரம் போர்டுக்கு ஆர்டர் கொடுத்தால் ஆயிரத்து இருநூறு அடித்து மிச்சத்தை வெளியே விற்கும் பழக்கத்துக்கு இதுதான் மருந்து.

கொங்கு நாடு நகலெடுத்துத்தான் வளர்ந்தது என்று சிலர் வாதிடுவார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 1955-இல் சபாபதி என்பவர் கோவையில் உருவாக்கிய வெட் கிரைண்டர் ஊர் முழுக்கப் பரவி எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது. 2005-06-இல் கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அது ஊரின் பெயரைக் காக்கிறது. தனி ஒருவரின் டிசைனை அல்ல. ஒருவர் செய்ததைப் பார்த்து, புரிந்து, தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துச் செய்வது வேறு. ஸ்கேனரில் வைத்து எடுத்து, அவர் விலையை உடைப்பது வேறு. மார்க்கத் தீர்ப்பும் இதில் தெளிவாகவே இருக்கிறது. வணிகப் பெயர், படைப்பு, கண்டுபிடிப்பு ஆகியவற்றின் உரிமைகள் ஷரீஅத்தின் பாதுகாப்புக்கு உரியவை, அவற்றில் அத்துமீறக் கூடாது என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1988 டிசம்பரில் குவைத்தில் கூடியபோது தீர்மானித்தது. வாடிக்கையாளர் கொண்டுவந்த போர்டைப் பழுது பார்க்கத் திறப்பதில் தவறில்லை. அதே போர்டை இரவில் ஸ்கேன் செய்துகொள்ளும் சர்வீஸ் சென்டர்காரர் கொஞ்சம் யோசிக்கட்டும்.

நகல் சந்தைக்கு வந்தேவிட்டால் முதலில் கோபத்தை அடக்கிக்கொண்டு, கடையில் பில் போட்டு இரண்டு பெட்டிகளை வாங்குங்கள். ஒன்றைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள். இன்னொன்றைச் சாட்சிகள் முன்னிலையில் திறந்து படமெடுங்கள். உங்கள் போர்டில் எந்த வேலையும் செய்யாத ஒரு தடத்தையோ, ப்ரோகிராமில் உங்கள் பட்டறையின் பெயரையோ முன்பே ஒளித்து வைத்திருந்தால், ஆப்பிளுக்குக் கிடைத்த சான்று உங்களுக்கும் கிடைக்கும். பிறகு வழக்கறிஞரைப் பாருங்கள். அவசரப்பட்டு வாட்ஸ்அப்பில் பெயர் போட்டுத் திருடன் என்று எழுதிவிடாதீர்கள். அவதூறு வழக்கு உங்கள் மேல் திரும்பலாம். ஆதாரமில்லாமல் நோட்டீஸ் அனுப்பி மிரட்டினால், அதையே காரணமாகக் காட்டி நீதிமன்றம் செல்ல பேட்டண்ட் சட்டத்தின் 106-ஆம் பிரிவும் பதிப்புரிமைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவும் எதிர்த் தரப்புக்கு இடம் தருகின்றன. பேட்டண்ட் விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது வழக்குத் தொடுக்க முடியாது. ஆனால் பின்னர் அது வழங்கப்பட்டால், விண்ணப்பம் வெளியிடப்பட்ட நாளிலிருந்தே இழப்பீடு கேட்கலாம். எனவே அந்த நாள் முதல் நகல் எங்கெங்கே, என்ன விலைக்கு விற்றது என்ற பில்களைச் சேர்த்து வைத்துக்கொண்டே வாருங்கள்.